ஞானமுத்து மாமா ஓடிப்போகவில்லை

என் மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் படித்தேன். உன் அப்பா பிரஸ்ஸிலிருந்து வந்ததும் அவரிடம் கொடுத்தேன், அவரும் படித்தார். நாங்கள் சுகமா என்று கேட்டிருக்கும் முதல் வரிக்கு மட்டும் சுலபமான பதில் இருக்கிறது. சுகம்தான். மற்ற வரிகளுக்குப் பதில் எழுத இன்லண்டு லெட்டர் போதாது என்று அரைக் குயர் தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. நீ படித்துவிட்டு உன் மாமனாராகப் போகிறவரிடம் கொடு. கட்டிக்கொள்ளப் போகிற எஸ்தரிடம் கொடு. மெட்ராஸில் உன் ஆபீசில் யார் கேட்டாலும் கொடு. ஒளித்து வைத்ததெல்லாம் போதும்.

"கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று ஞானமுத்து மாமா பெயரைப் போட வேண்டாம் அம்மா. எஸ்தரின் அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். அவருடைய சிநேகிதர்களெல்லாம் கல்யாணத்துக்கு வருவார்கள். படையை விட்டு ஓடிப்போனவன் என்று ரெக்கார்டில் இருக்கிற ஆளின் பெயரைப் பத்திரிகையில் பார்த்தால் அவருக்குத் தலைகுனிவு. நீங்களும் இனி மனு எழுதுவதை விட்டுவிடுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அது என்னிடமிருந்து உனக்கு வந்த கையெழுத்து. அந்தக் கையெழுத்தால் நான் செய்த காரியத்தை உனக்கு இதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இப்படி ஒரு கடிதம் நீ எழுதியிருக்க மாட்டாய். ஆகவே உன்மேல் பாதி கோபம்தான். மீதி என்மேல்.

உன் மாமா எனக்கு நாலு வயது மூத்தவர். எம். புதுப்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை. வெளியூர்த் திருவிழாக்களுக்கு வாணம் கட்டுகிறவர்களிடம் போய்த் திரி திரித்துக் கொடுப்பதும் உண்டு. வேலை முடிந்து வந்தால் நகக்கண்ணெல்லாம் மருந்து அப்பியிருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. பொம்பளைப் பிள்ளைக்கு எட்டாவதுக்கு மேலே எதற்குப் படிப்பு என்று உன் தாத்தா சொன்னபோது, டீச்சர் டிரெயினிங்குக்கு என்னை அனுப்பியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றது அண்ணன்தான். மூன்று வருஷம் அவர் கூலியில்தான் நான் படித்தேன். "ஏட்டி, நீ டீச்சராயிட்டு வந்து எனக்கு இங்கிலீசுல கையெழுத்துப் போடச் சொல்லிக்குடு. எனக்கு அம்புட்டுப் போதும்" என்பார். சொல்லிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். சிலேட்டு, சுவர், முறத்தின் பின்பக்கம் என்று கண்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு வைத்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினார்.

சண்டை வந்து, விருதுநகரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, மருந்து தொட்ட பழக்கம் உண்டா என்று கேட்டு, பாலம் கட்டுவதும் தகர்ப்பதுமான படைப்பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். கப்பல் ஏறும் முன்னால் ஒருமுறை லீவில் வந்தார். அப்புறம் மலாயாவிலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழுந்ததும் நின்றுபோனது. ஏழெட்டு மாதம் ஒரு சேதியும் இல்லை. பிறகு ஒருநாள் ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார், கோழிக்கூண்டைக்கூட விடவில்லை. "உம்ம மகன் பட்டாளத்துல ஆளக் காணோம்னு வந்திருக்கு. இங்கன வந்தானா? வந்தவன ஒளிச்சு வச்சிருந்தீகன்னா வீட்டுக்கு சீல்தான், உமக்கு ஜெயில்தான், சொல்லிட்டேன்" என்றார். உன் தாத்தாவுக்கு அன்றைக்குப் பிடித்த நடுக்கம் இரண்டு நாள் நிற்கவில்லை. அண்ணன் அனுப்பிய கடிதங்களையெல்லாம் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். படையின் பெயர், நம்பர், எல்லாம் அதோடு போயிற்று.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பயத்துக்கும் ஒரே மருந்துதான். எழுதிக் கொடுத்துவிடுவது! தம்பி கொலைக்கேஸில் மாட்டினாலும், மகன் ஊர்வம்பை இழுத்து வந்தாலும், கிராம முன்சீப் முன்னால் "இவனுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வைத்துத் தலைமுழுகிவிட்டால் வீட்டுக்கு ஆபத்தில்லை என்று நம்பினார்கள். அந்தத் தாள் ஊர்ச் சண்டைக்கு உதவியதோ என்னவோ, சர்க்காரிடம் அது எங்கே போகும், என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தெரியாது. முன்சீப் அதைத்தான் சொன்னார். உன் தாத்தா என்னைப் பார்த்தார். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. புதிதாக டிரெயினிங் முடித்த டீச்சர்! அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன் என்று பெயர் வாங்கியவள்!

எழுதினேன் மகனே. மேற்படி ஞானமுத்து சிறுவயது முதலே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டு ஓடிப்போகும் சுபாவம் உள்ளவன் என்றும், அவனுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும், அவன் வந்தால் நாங்களே பிடித்து ஒப்படைக்கிறோம் என்றும் எழுதினேன். அண்ணன் வாழ்நாளில் சொல்லாமல் போனது ஒரே ஒரு தடவை. பன்னிரண்டு வயதில் ரயில் பார்க்க வேண்டுமென்று விருதுநகருக்கு நடந்தே போய்விட்டு, மறுநாள் மத்தியானம் பசியோடு திரும்பி வந்தார். "ஒரு தடவைதானே போச்சு" என்று நான் பேனாவை நிறுத்தினேன். முன்சீப், "சுபாவம்னு போடும்மா. அப்பத்தான் பழி அவனோட போகும், உங்க மேல வராது" என்றார். போட்டேன். உன் தாத்தா கட்டைவிரலை உருட்டினார். சாட்சிக் கையெழுத்து நான்.

சண்டை முடிந்தது. சிறைமுகாமில் இருந்தவர்கள் எலும்பும் தோலுமாக ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். அண்ணன் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு "ஓடிப்போனவன் வீடு" என்று பெயர் விழுந்தது. நீ கைக்குழந்தை. உன்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்குப் போனால்கூட யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள். தாத்தா சாகும்வரை மகன் பெயரைச் சொல்லவில்லை. பிறகு ஒரு வருஷம் நம் கோயிலில், சண்டையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து ஜெபிக்கப் போகிறோம் என்றார்கள். நான் ஒரு துண்டுத் தாளில் அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தேன். சபை மூப்பர் அதைத் திருப்பி நீட்டி, "டீச்சரம்மா, ரெக்கார்டுல என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் வாசிக்கலாம்" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! பார்க்கிறேன் என்று அன்றைக்குக் கிளம்பியவள்தான்.

ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினால் நம்பர் இல்லாமல் ஒன்றும் தேட முடியாது என்று பதில் வந்தது. மதுரையில் பட்டாளத்து ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன், அங்கேயும் அதே பேச்சு. கடைசியில் நம்பர் எங்கே இருந்தது தெரியுமா? நம் அடுக்களையில். அண்ணன் லீவில் வந்தபோது விட்டுப்போன பட்டாளத்துத் தகர டப்பாவில் அம்மா புளி வைத்திருந்தாள். ஒருநாள் அதைச் சாம்பல் போட்டுத் துலக்கும்போது அடியில் ஆணியால் கீறிய எழுத்து தெரிந்தது. ஒரு நம்பர். அதன் கீழே இங்கிலீஷில் அண்ணன் கையெழுத்து, நான் சொல்லிக் கொடுத்த அதே சுழியோடு. பாத்திரம் துலக்கும் இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நம்பரோடு மனுப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, டைப் அடித்த நகல்கள் வந்தன. முதல் தாளில் "காணவில்லை" என்றுதான் இருந்தது. சண்டை நடந்த இடத்தில் காணவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் தாளில் விசாரணை. மூன்றாம் தாளில் முடிவு: தப்பியோடியவர். ஆதாரம் என்ன? குடும்பத்தார் தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம். நான் எழுதியது இங்கிலீஷில் மொழிபெயர்க்கப்பட்டு வரிவரியாக அங்கே இருந்தது. சுபாவம் உட்பட. என் பெயர் உட்பட. ஜப்பான்காரன் செய்யவில்லை, வெள்ளைக்காரன் செய்யவில்லை. அண்ணனை ஓடிப்போனவனாக்கியது அவர் கூலியில் படித்த என் கை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதைப் படித்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை. நகல்களைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு வருஷம் ஒரு மனுவும் எழுதாமல் இருந்தேன். உன் அப்பாவிடம்கூட "பதிலே வரலை" என்று சொல்லிவிட்டேன்.

என்னை உலுக்கி எழுப்பியது விருதுநகரில் ஒரு காவல்காரர். வருஷத்துக்கு வேண்டிய மிளகாய் வற்றல் வாங்க மண்டிக்குப் போயிருந்தேன். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் இடுப்பில் பட்டாளத்து பெல்ட் இருந்தது. பழக்கதோஷத்தில், எந்தப் படை என்று கேட்டேன். சொன்னார். அண்ணன் இருந்த அதே படைப்பிரிவு. ஹவில்தார் சுப்பையா என்று பெயர். ஞானமுத்து என்று நான் சொல்லி முடிக்கவில்லை, மனுஷன் எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம தீப்பெட்டி ஞானமுத்தா? நீங்க அவன் தங்கச்சி டீச்சரா? எந்நேரமும் உங்க பேச்சுத்தானம்மா அவனுக்கு! நாங்க பின்வாங்கி வந்துட்டிருந்தோம். ஒரு ஆத்துப் பாலத்துக்கு மருந்து கட்டியாச்சு. நம்ம ஆளுக எல்லாம் தாண்டினதும் பாலத்தத் தகர்க்கணும். விசைய அமுக்கினா வெடிக்கல, ஒயரு எங்கனயோ அந்து போச்சு. அக்கரைல ஜப்பான்காரன் வந்துட்டான். இவன், 'திரியோட கணக்கு எனக்குத் தெரியும்ணே, நான் போயிக் கையால பத்த வச்சுட்டு ஓடியாந்துருதேன்'னுட்டுப் போனான். பாலம் போச்சு. அவன் வரல. அன்னைக்குச் சாயங்காலமே எங்க எல்லாரையும் பிடிச்சுட்டான். மூணரை வருசம் முகாம்ல கெடந்தோம். எங்கள ஆரு வந்து விசாரிச்சா?"

"அவர் ஓடிப்போயிட்டார்னு ரெக்கார்டுல இருக்குங்கய்யா" என்றேன். அவர் முகம் மாறியதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "ஓடினது நாங்கம்மா. அவன் நின்னான். எந்தப் பய எழுதினான் அப்படி?" என்று கத்தினார். மண்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் என்று சொன்னேன். வற்றல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று முழுவதும் சொன்னேன். அதற்கு முன் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "எழுதினவுகளே போயி அழிங்க. நான் சாட்சிக்கு வாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் நகல்களை எடுத்துக் காட்டினேன். மாஜிஸ்திரேட் முன்னால், நான் எழுதியது பொய் என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்றேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மேனேஜருக்கு அதற்குள் காற்றுவாக்கில் சேதி போய், கூப்பிட்டு அனுப்பினார். "சர்க்காருக்குப் பொய் எழுதிக் குடுத்தேன்னு நீங்களே சத்தியம் பண்ணுவீக. அப்புறம் பிள்ளைகளுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாடம் நடத்துவீக? செத்தவன் செத்துட்டான். உங்க வேலையப் பாத்துக்கோங்க டீச்சர்" என்றார். அண்ணன் செத்ததாகத்தான் ரெக்கார்டில் இல்லையே ஐயா, அதற்காகத்தானே போகிறேன் என்றேன். உன் அப்பா அதிகம் பேசாத மனுஷன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு, "போயி எழுதிக் குடு. பிரஸ்ல காலண்டர் சீசன் வருது, ராத்திரி ஷிப்டும் பாத்துக்கிடுதேன். கஞ்சிக்கு வழியில்லாமலா போயிரும்" என்றார். அவரைக் கட்டிக்கொண்டதற்காக நான் கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லாத நாளில்லை.

சுப்பையா ஐயாவும் நானும் போய் எழுதிக் கொடுத்தோம். அடுத்த மாதமே என்னை ஆனைக்குட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கியடித்தார்கள். நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். சிநேகிதர்களை விட்டுவிட்டு ஏன் இந்த ஊருக்கு வந்தோம் என்று நாலு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தாய். "இங்கே நல்ல தண்ணி கிடைக்கும்டா, அதான்" என்று சொல்லிச் சமாளித்தேன். நீ நம்பினாய். பொய் மேல் பொய்! அன்றைக்கே உன்னை உட்கார வைத்து, உன் மாமாவுக்காகத்தான் வந்தோம் என்று சொல்லியிருக்க வேண்டும். மாமா யாரென்று தெரியாமலே உன்னை வளர்த்தது என் தப்பு. ஊர்க்காரர்கள் சொன்ன மாமாவைத்தான் உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் போட்ட மனுக்களுக்குக் கணக்கில்லை. பரிசீலனையில் உள்ளது என்பார்கள். சாட்சி சிநேகிதர் என்பதால் ஏற்பதற்கில்லை என்பார்கள். குடும்பத்தார் முதலில் சொன்னதே நம்பத்தக்கது, பிறகு மாற்றிச் சொல்வது ஆதாயத்துக்காக இருக்கலாம் என்றும் ஒரு பதில் வந்தது. ஆதாயமாம்! நடுவில் அரசியல்வாதி ஒருவரின் கையாள் வீடு தேடி வந்தார். "சண்டைல காணாமப் போனவுகதானே? வெள்ளைக்காரன எதிர்த்துச் சுதந்திரப் படையில சேந்தாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, தியாகின்னு சர்ட்டிபிகேட்டே வாங்கித் தாரேன். மாலை மரியாதையெல்லாம் கிடைக்கும்" என்றார். அந்தப் படையில் சேர்ந்தவர்கள் பெரியவர்கள், ஆனால் என் அண்ணன் அதில் சேரவில்லை, அவர் பாலத்தில் நின்றார் என்றேன். "அடப் போங்கம்மா, பொழைக்கத் தெரியாதவுகளா இருக்கீக" என்று எழுந்து போனார். போகட்டும். அண்ணனைப் பற்றி ஒரு பொய் எழுதிவிட்டு நான் பட்டதே போதும்.

இப்போது உன் மாமனாராகப் போகிறவர் விஷயம். பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்த அன்றே, கூடத்தில் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். "அம்மா, நான் உங்களை மரியாதைக் குறைவாச் சொல்லலை. ஆனா பட்டாளத்துல ரெக்கார்டுதான் ஆளு. ரெக்கார்டுல இல்லாதது நடக்கலைன்னுதான் அர்த்தம்" என்றார். நல்ல மனுஷன், கேலியாகச் சொல்லவில்லை. உன் சம்பந்தம் கலைந்துவிடக் கூடாதே என்று நான் காபியை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அதுவும் பயம்தான். அன்று விழுங்கியதை இப்போது எழுத்தில் சொல்கிறேன், அவரையே படிக்கச் சொல்: சுபேதார் ஐயா, அந்த ரெக்கார்டை எழுதியதே நான்தான். இருபது வயதில், முன்சீப் வீட்டில், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அது பொய் என்று எழுதியவளே சத்தியம் செய்கிறேன். உங்களுக்கு அந்தத் தாள் பெரிதா, கூட இருந்து பார்த்தவரின் வாய்ச்சொல் பெரிதா? சுப்பையா ஐயா இன்னும் அதே மண்டி வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்துக்கு அவரையும் அழைத்திருக்கிறேன். முன்வரிசையில் உட்காருவார். ஒரு பட்டாளத்துக்காரரிடம் இன்னொரு பட்டாளத்துக்காரர் கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தப்புச் செய்தவளுக்குத்தான் அந்தத் தப்பின் எடை தெரியும். எஸ்தரிடம் எதையும் மறைக்காதே. அவள் அப்பா எதிரில் ஒரு பேச்சு, எங்கள் எதிரில் ஒரு பேச்சு என்று இப்போதே ஆரம்பிக்காதே, அது வாழ்நாள் முழுக்க விடாது. யாராவது வந்து பயமுறுத்தினால் உடனே பேனாவை எடுக்காதே. ஒரு நாள் பொறு, வயிறு நிறையச் சாப்பிடு, தூங்கு, அப்புறம் யோசி. என் அப்பா பொல்லாதவர் இல்லை, நானும் இல்லை. ஒரே ஒரு மத்தியானம் பயந்தோம், அதற்குள் அண்ணன் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் ரெக்கார்டு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த விஷயம் முடிந்துவிட்டது, இது பற்றி இனி எழுத வேண்டாம் என்று. ஒரு கார்டில் பதில் போட்டுவிட்டேன்: "எனக்கு இது இன்னும் முடிந்துவிடவில்லை. எழுதுவேன்." நீயும் அதையே எழுதியிருக்கிறாய். உனக்கும் அதே பதில்தான். அவர்கள் அழிக்கும்வரை எழுதுவேன். நான் போன பிறகு நீ எழுதுவாயா என்று கேட்க மாட்டேன். அது உன் மனசு.

பத்திரிகை அச்சாகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்த மறுநாள் உன் அப்பா பிரஸ்ஸில் வேறு யாரையும் தொடவிடாமல் தாமே எழுத்துக் கோத்தார். "போரில் உயிர் நீத்த தாய்மாமன் ஞானமுத்து" என்று தனி வரியில், மற்றப் பெயர்களை விட ஒரு அளவு பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ரயில் பார்சலில் உன் பங்குக் கட்டு வருகிறது. பிரித்துப் பார். அந்த வரி இல்லாமல் வேறு பத்திரிகை அடிக்க மாட்டோம், உன் அப்பாவும் மாட்டார், நானும் மாட்டேன். வேண்டாம் என்று நீ நினைத்தால் தடுக்க நான் அங்கே இல்லை. கட்டுக்குள் ஒரு மைப்புட்டி வைத்திருக்கிறேன், நல்ல கறுப்பு மை. ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்து உன் மாமா பெயரை உன் கையாலேயே அடி. நான் ஒரு தடவை அடித்துவிட்டேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஞானமுத்துவின் தங்கை,
உன் அம்மா.